முனையைப் பார்த்துத் துடுப்பு வலித்தவர்கள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, நூலகத்துக்கு இடம் தந்த பெரியவர் அவர்களே, இந்த வெயிலிலும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பந்தல் போட்ட இளைஞர்களைத் தனியாகச் சொல்லாமல் தொடங்கினால் அது நன்றி கெட்ட பேச்சு.

கடல்முனைகளைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். முனை எப்படி உண்டாகிறது, உலகக் கப்பல்களுக்கு அது என்ன செய்தது, நமக்கு அது என்ன. முதலாவது எளிது. இளகிய மண்ணை அலை அரித்துக்கொண்டு போகும், வன்பாறை நின்றுவிடும். நம் முட்டத்துப் பாறை அப்படி நின்றதுதான்.

1488-இல் பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். புயல் முனை என்று அவர் வைத்த பெயரை, போர்ச்சுகல் அரசர் இரண்டாம் ஜான் நன்னம்பிக்கை முனை என மாற்றினார் என்பார்கள். ஆனால் ஆப்பிரிக்காவின் தென்கோடி அதுவல்ல. கிழக்கே தள்ளியிருக்கும் அகுல்யாஸ் முனை. இந்தியப் பெருங்கடலின் வெந்நீரோட்டம் அங்கே மேற்கிலிருந்து வரும் பேரலைகளோடு எதிர்மோதுகிறது. கப்பல்களை விழுங்கிய கடல் அது. ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை.

என் பாட்டாவிடம் அந்தப் பழமொழியைக் கண்ணால் பார்த்தேன். பத்து வயதில் முதல் முறையாக அவருடைய வள்ளத்தில் போனேன். கரை நூலாக இளைத்ததும் எனக்கு வயிறு கலங்கியது. "மக்களே, தண்ணீரைப் பார்க்காதே, கரையைப் பார்" என்றார். முனையிலிருந்த கலங்கரை விளக்கமும் பின்னால் வேளிமலையின் ஒரு கொம்பும் மெல்ல நெருங்கி, ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக நின்றன. "இது ஒரு கோடு." துடுப்பை வலித்தபடியே கிழக்கே திரும்பினார். கோயில் கோபுரம் ஒற்றைப் பனைக்குப் பின்னால் ஒளிந்தது. "இது இரண்டாவது." இரண்டு கோடும் வெட்டும் அந்த இடத்தில் துடுப்பை நிறுத்திவிட்டுக் கயிற்றில் கட்டிய கல்லை இறக்கினார். கயிற்றை என் விரலில் சுற்றிவிட்டு, "என்ன தெரிகிறது?" என்றார். சேறானால் கல் பதுங்கும், மணலானால் இழுபடும். அன்று டக்கென்று தட்டி என் விரல் சிலிர்த்தது. அடியில் பாறை. அன்றைக்குக் கூடை நிறைய மீன். வரைபடம் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு முனை, ஒரு மலை, ஒரு கோபுரம், ஒரு பனை.

அந்தப் பனை இப்போது இல்லை. கோபுரத்தைக் கடலிலிருந்து மறைத்து ஒரு மாடிக் கட்டடம் எழுந்துவிட்டது. படகுக்குப் படகு ஜி.பி.எஸ். இருக்கிறது, நல்லதுதான், கரையைக் கண்ணால் படிக்கத் தெரிந்தவர்களோ எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களோடு அந்த அடையாளங்களும் போய்விடும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்கிறோம். ஆழம் அறிந்தவர்களைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மேடையிலேயே கேட்கிறேன். முனையைக் கடலிலிருந்து மறைக்கும் கட்டடத்துக்கு இனி அனுமதி வேண்டாம். நூலகத்தில் ஒரு பதிவேடு வையுங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் நான் அங்கே இருப்பேன். பெரியவர்களைக் கைபிடித்து அழைத்து வாருங்கள். எந்த மலைக்கு எந்தப் பாறை என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறேன்.