ஓர் இலை மறைத்தால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போவது ஏன்? சுவரோடு சேர்ந்த சோலார் பேனலும் சுடோகு கணக்கும்

[திரையில்: ஒரு பேனல், அதில் ஒரு செல் மட்டும் இருளுகிறது]

வணக்கம். 60 செல்கள் கொண்ட சோலார் பேனலின் மீது அகன்ற இலை ஒன்று ஒட்டிக்கொண்டு, ஒரே ஒரு செல்லை முழுவதுமாக மறைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறைந்த பரப்பு 60-இல் ஒரு பங்குதான். ஆனால் குறையும் மின்சாரமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இலை என்றால் எடுத்துவிடலாம். அந்தப் பேனலே கட்டடத்தின் வெளிச்சுவராக இருந்து, அதன் மேல் நிழல் போடுவது மேல்மாடிப் பால்கனியாக இருந்தால் என்ன செய்வது?

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்கள் தொடர் இணைப்பில் இருப்பதால் அனைத்திலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். நிழலில் இருக்கும் செல் அதைத் தடுப்பதோடு தானும் சூடேறுகிறது. அதற்காக 20 செல்களுக்கு ஒன்றாக பைபாஸ் டயோடுகள் வைக்கிறார்கள்; ஒரு செல் இருண்டால், அந்த 20 செல்கள் கொண்ட தொகுதி முழுவதையும் தவிர்த்து மின்னோட்டம் சுற்றிப் போய்விடும். 60-இல் 20 போகிறது; அதுதான் அந்த மூன்றில் ஒரு பங்கு.

ஆகவே, நிழல் எவ்வளவு பெரியது என்பதைவிட அது எப்படி விழுகிறது என்பதே முக்கியம். பால்கனியின் நிழல் ஒரு செல் உயரத்துக்குப் படுக்கைவாட்டில் விழுகிறது என்றால், நெட்டையாக நிறுத்திய பேனலில் தொகுதிகள் மேலிருந்து கீழாக ஓடுவதால், அது மூன்று தொகுதிகளையும் தொட்டு உற்பத்தியை ஏறக்குறைய நிறுத்திவிடும். அதே பேனலைக் கிடையாகப் பொருத்தினால் ஒரு தொகுதி மட்டுமே போகும். பாதியாக வெட்டிய செல்களைக் கொண்ட பேனல்களில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் பக்க இணைப்பில் இருப்பதால் இந்த இழப்பு குறைவு.

[திரையில்: 9-க்கு 9 கட்டம்]

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 81 பேனல்களை 9 வரிசைகளாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்குள்ளும் பக்க இணைப்பு, வரிசைகளுக்கிடையே தொடர் இணைப்பு என்று அமைத்திருக்கிறோம். ஒரு மூலையில் 3-க்கு 3 என்ற அளவில் 9 பேனல்கள் முற்றிலும் இருண்டுவிட்டால், மூன்று வரிசைகளில் 6 பேனல்கள்தான் வேலை செய்யும். எல்லா வரிசைகளையும் வைத்துக்கொண்டால் மின்னோட்டம் 6 பேனல் அளவுக்கு இறங்கி, 9 பெருக்கல் 6, அதாவது 54 பேனல்களின் திறன் கிடைக்கும். அந்த மூன்று வரிசைகளை விட்டுவிட்டாலும் 6 பெருக்கல் 9, அதே 54 தான். வெயிலில் நிற்பவை 72 பேனல்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

2013-இல் திருச்சி என்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதற்குச் சுடோகு கட்டத்தையே விடையாக முன்வைத்தார்கள். கட்டத்தில் உள்ள எண், அந்த இடத்துப் பேனல் எந்த மின்வரிசையைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கும். சுடோகுவின் ஒவ்வொரு சிறு சதுரத்திலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரு முறைதான் வரும் அல்லவா? அப்படியானால், ஒரு சிறு சதுரத்தை மறைக்கும் நிழல் ஒவ்வொரு மின்வரிசையிலும் ஒரே ஒரு பேனலைத்தான் எடுத்துக்கொள்ளும். எல்லா வரிசைகளிலும் 8 மிஞ்சும். 9 பெருக்கல் 8, மொத்தம் 72! நிழல் அப்படியேதான் இருக்கிறது, ஒரு பேனல்கூடக் கூடவில்லை. மாறியது கம்பி இணைப்பு மட்டுமே. வீடியோவை நிறுத்திவிட்டு இந்தக் கணக்கை ஒரு முறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நிழல் வேறு வடிவில் விழுந்தால் ஆதாயமும் மாறும், கம்பியின் நீளமும் கூடும். அதைவிட முக்கியமாக, சுவரோடு சேர்ந்த பேனல்களில் இந்த இணைப்பைக் கட்டுமானத்தின்போதே செய்தாக வேண்டும். ஆகவே, ஆண்டு முழுவதும் நிழல் நகரும் பாதையைக் கட்டட வரைபடத்தில் குறித்த பிறகே மின்இணைப்பை முடிவு செய்ய வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கட்டி முடித்த கட்டடத்துக்கு, பேனலின் மின்சாரத்தைப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக மாற்றி, அதிகத் திறன் கிடைக்கும் புள்ளியையும் தேடிப் பிடிக்கும் இன்வெர்ட்டர்தான் வழி. பகுதி நிழலில், மின்னழுத்தத்துக்கேற்பத் திறன் எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடத்தில் பல உச்சிகள் தோன்றும்; எளிய இன்வெர்ட்டர் அருகிலுள்ள சிறிய உச்சியிலேயே நின்றுவிடக்கூடும் என்பதால், அவ்வப்போது முழு வரைபடத்தையும் துழாவிப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு பேனலும் தனித்தனியே தன் அதிகபட்சத் திறனைத் தரச் செய்யும் ஆப்டிமைசர் என்ற கருவியைப் பேனலுக்கு ஒன்றாகப் பொருத்துவதும் நல்ல தீர்வே. ஆனால் அதைச் சுவருக்குள் புதைத்துவிடாமல், பழுதானால் கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.