இந்த போர்டுல போன் நம்பர் எங்க?

வணக்கம் மக்களே. இப்ப மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில நிக்கேன்.

(காட்சி: மேம்பாலத் தூண், ஒண்ணு மேல ஒண்ணா போஸ்டர்)

மேல நகைக்கடை ஆஃபர், அதுக்கு அடியில கண்ணீர் அஞ்சலி, பாதி கிழிஞ்சு தாத்தாவோட மீசை மட்டும் மிச்சம். எந்த போர்டைப் பாத்தாலும் நம்ம கண்ணு தானா கீழ போகும், யாரு போட்டது, போன் நம்பர் என்னன்னு, போகுதில்லா? அந்தப் பழக்கத்தை வச்சே ஆர்ட் பண்ணின ஆளுங்க இருக்காங்க.

1985ல ஜென்னி ஹோல்சர்ங்கிற அமெரிக்க ஆர்ட்டிஸ்ட், நியூயார்க்ல விளம்பர போர்டா நெறைஞ்ச டைம்ஸ் ஸ்கொயர்ல, பெரிய எலக்ட்ரானிக் போர்டுல ஒரு வரி ஓடவிட்டாங்க: "நான் ஆசைப்படுறதுகிட்ட இருந்து என்னைக் காப்பாத்து". சுத்தி எல்லா போர்டும் வாங்கு வாங்குன்னு கூப்பிடுது, நடுவுல இது. அட்சய திருதியை அன்னைக்கு நம்ம நகைக்கடை வாசல்ல இதை மாட்டினா எப்படி இருக்கும்!

இன்னொரு ஆர்ட்டிஸ்ட் பார்பரா க்ரூகர், பத்திரிகையில பக்கம் டிசைன் பண்ணிக்கிட்டு இருந்தவங்க, அந்தக் கைப்பழக்கத்துலயே கருப்பு வெள்ளை போட்டோ மேல செவப்புப் பட்டை, வெள்ளை எழுத்து. பொறவு வந்த சுப்ரீம்ங்கிற துணி பிராண்டோட டிஷர்ட் லோகோவைப் பாருங்க, அதே செவப்பு, அதே எழுத்து. விளம்பரத்துல இருந்து எடுத்தது திரும்ப விளம்பரத்துக்கே போயிட்டு.

ஆனா எனக்குப் புடிச்சது வேற ஒண்ணு.

(காட்சி: கருப்பு வெள்ளைப் படம், சத்தம் இல்லாம அஞ்சு செகண்ட்)

ஒரு கட்டில், கசங்கின வெள்ளை விரிப்பு, ரெண்டு தலையணை, ரெண்டுலயும் தலை வச்ச பள்ளம் அப்படியே இருக்கு, ஆளு இல்ல. ஃபெலிக்ஸ் கோன்சாலஸ் டோரஸ்ங்கிற ஆர்ட்டிஸ்ட் பண்ணினது. 1992ல நியூயார்க்ல 24 இடத்துல, சோப்பும் சிகரெட்டும் விக்கிற அதே சைஸ் போர்டுல வச்சாங்க, பேரு இல்ல, ஒரு எழுத்து கூட இல்ல. அவரு கூட வாழ்ந்த ராஸ் லேகாக் அதுக்கு முந்தின வருஷம்தான் எய்ட்ஸ்ல இறந்தாரு. அதாவது இதுவும் ஒரு கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ்தான் பாத்துக்கிடுங்க, ஆனா நாம தோற்றம், மறைவு, பேரப்பிள்ளைங்க பேரு வரைக்கும் போட்டுருவோம், ஃபெலிக்ஸ் எதையும் போடல, அதனால பாக்குறவன் தன் வீட்டுக் கட்டிலை நெனைச்சுக்கிடுவான்.

இந்தப் படத்தை போன்ல வச்சு இங்க டீக்கடை அண்ணாச்சிட்ட காட்டினேன், தக்கலை ஜங்ஷன்ல போர்டா வச்சா என்ன நெனைப்பீங்கன்னு. கிளாஸைக் கழுவிக்கிட்டே பாத்தாரு.

"மெத்தைக் கடையா தம்பி? தொறப்பு என்னைக்கு?"

கொஞ்ச நேரம் கழிச்சு, "கடைப்பேரு போடலியே"ன்னு மறுபடி போனை வாங்கிப் பாத்தாரு.