ராணுவத் தளத்தில் கரண்ட் போனால் கார்கள் கைகொடுக்குமா?

[திரை: வரிசையாக நிற்கும் மின்சார வண்டிகள், ஒவ்வொன்றிலும் கேபிள்]

2014 நவம்பர். கலிபோர்னியாவின் எல் செகுண்டோவில் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் விமானப்படைத் தளம் தன் புதிய வாகன அணியை அறிமுகப்படுத்தியது. மொத்தம் 42 வண்டிகள்: நிசான் லீஃப் கார்கள், வேன்கள், டிரக்குகள். இவற்றில் 36 வண்டிகள், ஏற்றிக்கொண்ட மின்சாரத்தைத் திருப்பியும் கொடுக்கும். வீ-டு-ஜி (வெஹிக்கிள்-டு-கிரிட், அதாவது வண்டியிலிருந்து மின்தொகுப்புக்கு) என்கிறார்களே, அதுதான். எல்லாம் சேர்ந்து 700 கிலோவாட்டுக்கு மேல்.

அவ்வளவு இருந்தால் தளத்தையே ஓட்டிவிடலாமே என்று தோன்றும். சரி, எத்தனை மணி நேரத்துக்கு? அன்றைய லீஃப் பேட்டரி 24 யூனிட். 15 கிலோவாட் வீதம் எடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட காலி. அமெரிக்கத் தரைப்படையின் 2020 உத்தரவோ, முக்கியப் பணிகளுக்கு 14 நாள் மின்சாரமும் தண்ணீரும் தளத்திலேயே உறுதியாக இருக்க வேண்டும் என்கிறது. கார்களை மட்டும் வைத்து அந்தக் கணக்கை யாராலும் முடிக்க முடியாது.

[திரை: 60 ஹெர்ட்ஸ் அலை, லேசாக ஏறி இறங்குகிறது]

லாஸ் ஏஞ்சலஸில் இந்த வண்டிகள் செய்த வேலையே வேறு. மின்தொகுப்பின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். தேவை கூடினால் இறங்கும், குறைந்தால் ஏறும். அதைச் சரிக்கட்ட மாநில மின்தொகுப்பு நிர்வாகம் சில நொடிகளுக்கு ஒருமுறை ‘கொடு’, ‘எடு’ என்று சமிக்ஞை அனுப்பும். பேட்டரிக்கு இது கைவந்த வேலை. அதற்குக் காசும் உண்டு. அந்தச் சோதனை 2017இல் முடிந்தது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பார்க்க, கொலராடோவில் உள்ள ஃபோர்ட் கார்சன் தரைப்படைத் தளத்துக்குப் போக வேண்டும். என்னைக் கேட்டால், கதையின் சுவாரசியமான பகுதி இங்கேதான்.

[திரை: மைக்ரோகிரிட் வரைபடம்]

மாடியில் பேட்டரி இல்லாமல் சோலார் வைத்தவர்களுக்குத் தெரியும்: நல்ல வெயிலிலும், லைன் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். சாதாரண வீ-டு-ஜி சார்ஜரும் அப்படித்தான். அதனால், வெளித் தொகுப்பிலிருந்து தளத்தைத் துண்டித்து, உள்ளே மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் தானே அமைத்துத் தரும் மைக்ரோகிரிட் முதலில் வேண்டும். அது இல்லாத இடத்தில் நூறு மின்சார கார் நின்றாலும் விளக்கு எரியாது.

ஸ்பைடர்ஸ் என்ற அமெரிக்க ராணுவ மைக்ரோகிரிட் சோதனைத் திட்டத்தின் இரண்டாம் கட்டமாக, 2013இல் ஃபோர்ட் கார்சனில் இதைச் செய்து காட்டினார்கள். டீசல் ஜெனரேட்டர்கள், சுமார் ஒரு மெகாவாட் சோலார், கூடவே ஐந்து மின்சார டிரக்குகள். ஐந்தே ஐந்துதான்!

வழக்கமாக ராணுவத் தளங்களில் கட்டடத்துக்கு ஒரு ஜெனரேட்டர் இருக்கும், தேவையை விடப் பெரியதாக. பாரம் குறைவாக ஓடினால் டீசல் முழுசாக எரியாது. கரியும் எண்ணெயும் புகைக்குழாயில் படியும். ஒன்று பழுதானால் அந்தக் கட்டடம் இருட்டு. எல்லாவற்றையும் ஒரே வலையில் கட்டினால் சில ஜெனரேட்டர்களை நல்ல பாரத்தில் ஓட்டி, மற்றவற்றை நிறுத்தி வைக்கலாம். மேகம் வந்து சோலார் சட்டென்று சரியும்போது அந்தப் பள்ளத்தை டிரக் பேட்டரி நொடியில் நிரப்பும். பகல் உபரியை வாங்கியும் வைக்கும். இப்படி மிச்சமாகும் டீசல்தான் தளத்தை அந்த 14 நாள் இலக்கை நோக்கித் தள்ளுகிறது. சாதாரண நாட்களிலும் சும்மா இல்லை: சார்ஜர்கள் தளத்தின் பவர் ஃபேக்டரை, அதாவது வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதத்தை, திருத்தும்.

[திரை: வாயிலை விட்டு வெளியேறும் வாகன வரிசை]

அப்புறம் ஒரு சிக்கல். புயல் வந்தால் அதே வண்டிதான் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடவும் வேண்டும். எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று மென்பொருளுக்கு முன்பே தெரிந்தால்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று அது கணக்குப் போடும். அவசர நாளில் அந்த அட்டவணை நிற்காது. அதனால் எந்த வண்டியில் எத்தனை சதவீதத்துக்குக் கீழே கை வைக்கக் கூடாது, எந்த வண்டி கேபிளை விட்டு நகரவே கூடாது என்பதைத் தளபதி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.