கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

மதுரை வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

கிராமப்புறங்களில் காற்றையும் கெடுக்காமல், காசையும் கரைக்காமல் போக்குவரத்தை எப்படி மேம்படுத்தலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மின்சார பஸ்ஸைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் வரட்டும், நல்லதுதான். ஆனால் நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது டைமிங். அதைத்தான் சொல்ல முடியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டீசல் பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் சொச்சம் ஓடும். பைக் 50 கொடுக்கும் என்று வையுங்கள். பஸ்ஸில் 10 பேர் இருந்தால், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்கொரு பைக்கில் போனதற்குச் சமமான எண்ணெய்தான் செலவாகும். 40 பேர் ஏறினால் ஆளுக்குக் கால்பங்கு. மூன்று பேரோடு ஓடினால் பைக்கே மேல். ஆக, பஸ் விட்டால் மட்டும் போதாது, அது நிறைய வேண்டும்.

ஏன் நிறைவதில்லை? உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 'நைட் ஹால்ட்' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி கடைசி டிரிப் ஊருக்குள் வந்து அங்கேயே நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் வண்டியிலேயே படுத்துக்கொள்வோம். கோடையில் கூரை மேல்தான் படுக்கை. விடியும் முன்பே முதல் டிரிப் கிளம்பும். நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டில் மல்லிகை பறித்தவர்கள் கூடையோடு ஏறுவார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மொட்டு விரியும் முன் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் விலை போச்சு. கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போடுவதில் எனக்கும் அவர்களுக்கும் தினமும் ஒரு வாக்குவாதம் நடக்கும். அதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த டிரிப்.

அந்த நைட் ஹால்ட்டை நிறுத்தினால் என்ன ஆகும்? போவது ஒரு டிரிப் என்று தோன்றும். உண்மையில் ராத்திரிக் கடைசி டிரிப், விடிகாலை முதல் டிரிப் என்று இரண்டு போகும். டெப்போவிலிருந்து விடிகாலையில் வெறும் வண்டியாக யார் ஓட்டி வருவார்கள்? வேலைக்குப் போகிற பிள்ளை ராத்திரி திரும்ப வழியில்லை என்றதும் வீட்டில் டியூ கட்டி ஒரு பைக் எடுத்துவிடுவார்கள். வாங்கிய பைக்கை நிறுத்திவிட்டு யாரும் பகல் பஸ்ஸில் ஏறுவதில்லை. அப்புறம் பகல் டிரிப்பிலும் கலெக்‌ஷன் குறையும். அடுத்து அதையும் வெட்டுவார்கள். கடைசியில் பஸ்ஸை நம்பி மிச்சமிருப்பது பைக் ஓட்டத் தெரியாத பாட்டிமார்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான்.

2021 மே மாதம் முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் இருக்கிறது. இதில் ஒன்று கவனியுங்கள், அம்மா. காசு இல்லை என்பதற்காக டிக்கெட் வாங்காமல் இறங்கிவிடாதீர்கள். அந்த டிக்கெட்தான் கணக்கு. அது இல்லாவிட்டால் நீங்கள் அந்தப் பஸ்ஸில் ஏறியதாகவே எங்கும் பதிவாகாது. டவுன் பஸ் எட்டாத ஊர்களுக்கு இந்தச் சலுகையும் எட்டவில்லை என்பது வேறு சங்கதி.

மினி பஸ் 1997-லேயே வந்தது. 2025-ல் புதிய திட்டமும் வந்திருக்கிறது. தடம் 25 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதில் 65 சதவீதமாவது பஸ் இல்லாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் ஆள் கிடைக்கிற ரோட்டில் மட்டும் ஓட்டிவிட்டு, கடைசிக் கிராமத்துக்கு முன்னாலேயே திருப்பிக்கொள்கிற வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். கேட்க ஆளில்லாவிட்டால் எந்த விதியும் அப்படித்தான்.

ரயில் கதையும் இதேதான். மதுரை–போடி மீட்டர்கேஜ் 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடப்பட்டது. தேனி வரை 2022-லும் போடி வரை 2023-லும்தான் திரும்ப ஓடியது. தேனிக்குத் திறந்தபோது வந்த வண்டி காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு மாலையில் தேனியிலிருந்து திரும்பியது. காலையில் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் மதுரை வருகிற ஆண்டிபட்டிக்காரருக்கு அதனால் என்ன பயன்? தண்டவாளம் போட 12 வருஷம் எடுத்துக்கொண்ட ரயில்வேக்காரர்கள், டைமிங்கைப் போடும்போது அவரைக் கேட்டிருக்கலாம். மதுரைக்குத் திட்டமிட்ட திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ ரயிலைப் பற்றி டீக்கடையில் பேசும் பேச்சில் பாதியையாவது இதற்குப் பேசலாம்.

சரி, நாம் என்ன செய்வது? கிராம சபை வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது. அங்கே "கூடுதல் பஸ் வேண்டும்" என்று மட்டும் தீர்மானம் போடாதீர்கள். அந்தப் பேப்பர் கட்டோடு கட்டாகப் போய்விடும். விடிகாலையில் பூக்கூடையோடு எத்தனை பேர், பள்ளி விட்டு எத்தனை பிள்ளைகள், ராத்திரி மில் ஷிப்ட் முடிந்து எத்தனை பேர் என்று நேரம் போட்டு, தெருவாரியாக எண்ணி எழுதுங்கள். ஒரு நகல் கலெக்டர் அலுவலகத்துக்கு, ஒன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலரான ஆர்.டி.ஓ.வுக்கு, இன்னொன்று பக்கத்து டெப்போ மேனேஜருக்கு. டெப்போவுக்கு மட்டும் தபாலில் அனுப்பாமல் நேரில் போங்கள். டைம் ஷீட் போடுகிறவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

நன்றி, வணக்கம்.