மூவாயிரம் மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

கலிபோர்னியாவில் உளவியலாளராக இருக்கிறேன். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது பெற்றோர் என்னை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்பார்கள்: "பெண் ஊரில் சைக்காலஜி எம்.ஏ. முடித்துவிட்டாள். இங்கே வந்தால் உடனே கிளினிக் வைக்கலாம்தானே?"

வைக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. அமெரிக்காவில் உளவியலாளர் உரிமத்தைத் தருவது மத்திய அரசு அல்ல, மாநிலம். 1945-ல் கனெக்டிகட் முதலில் சட்டம் கொண்டுவந்தது. 1977-ல் மிசூரி கடைசியாக வந்து சேர்ந்தது. வெர்மான்ட் போன்ற ஓரிரு மாநிலங்களில் முதுகலைப் பட்டத்துக்கும் வழி உண்டு. மற்றபடி டாக்டர் பட்டம் இல்லாமல் வாசலில் 'உளவியலாளர்' என்று பலகை மாட்ட முடியாது.

பட்டம் வாங்கினாலும் பாதிக் கிணறுதான். மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் 3,000 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது கலிபோர்னியா. அதில் 1,500 மணியாவது பட்டத்துக்குப் பிறகு செய்திருக்க வேண்டும். வாரம் 40 மணி வேலை என்றால் 4 மணி நேரம் மேற்பார்வையாளர் முன்னால் உட்கார வேண்டும். சிகிச்சைக்கு எத்தனை மணி, அறிக்கை எழுத எத்தனை மணி என்று கட்டம் கட்டமாக எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குவேன். மளிகைக் கடைக் கணக்கு தோற்றுவிடும்.

எனக்கு வாய்த்தவர் வயதான அம்மையார். நான் ஒருவருக்குச் சிகிச்சை தந்தபோது எடுத்த ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்கே அவர் அழத் தொடங்குகிறார். நீ ஏன் அடுத்த கேள்விக்குத் தாவினாய்?" என்னிடம் பதில் இல்லை. மறுபடி ஓடவிட்டார். என் குரலில் இருந்த அவசரம் அப்போதுதான் எனக்கே கேட்டது.

உரிமத்துக்கான தேர்வு அதைவிட எளிது என்பேன், நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். நான்கேகால் மணி நேரத்தில் 225 கேள்விகள். அவற்றில் 50 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது, அவை வெள்ளோட்டம். எவை அந்த 50 என்று யாரும் சொல்ல மாட்டார்கள்! அதற்குப் பின் மாநிலச் சட்டமும் தொழில் நெறியும் பற்றிய தனித் தேர்வு. சிகிச்சைக்கு வருபவர் இன்னொருவரைக் கொல்லப்போவதாகச் சொன்னால் ரகசியம் காப்பதா, அந்த உயிரைக் காப்பதா? 1976-ல் டராசாஃப் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்ன பதில், உயிர். கைரேகைச் சோதனை, கட்டணங்கள் எல்லாம் தனி.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய உரிமமும் பொதுவாக மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சைபேக்ட் என்ற ஒப்பந்தம் வழியாக, எல்லை தாண்டிக் காணொளியில் சிகிச்சை தர வழி செய்திருக்கின்றன. கலிபோர்னியா இன்னும் சேரவில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன்.

அதனால் காணொளி அழைப்பில் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "இன்று எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள்?" என்று கேட்டுவிடுவேன். போன மாதம் ஒருவர் "ரீனோவில், ஓட்டல் அறையில்" என்றார். ரீனோ நெவாடாவில் இருக்கிறது. எல்லையிலிருந்து காரில் சில நிமிடம்தான். அவர் ஊர் திரும்பும் திங்கட்கிழமைக்கு நேரம் குறித்துக்கொண்டு அழைப்பை முடித்தேன்.

நன்றி, வணக்கம்.