பெசன்ட் நகர் பீச்சில் குடும்பப் போட்டோ: காலையிலா, சாயங்காலமா?

அடுத்த கேள்வி மடிப்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். "அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்து, எல்லாரும் இப்போது சென்னையில் இருக்கிறோம். பாட்டிக்கு 82 வயது, என் பையனுக்கு 2 வயது, மொத்தம் 11 பேர். பெசன்ட் நகர் பீச்சில் குடும்பப் போட்டோ எடுக்க ஆசை. காலையில் போகலாமா, சாயங்காலமா? எல்லாரும் ஒரே கலரில் துணி எடுக்கவா?"

துணியை அப்புறம் பார்க்கலாம். பையன் மத்தியானம் எத்தனை மணிக்குத் தூங்கி எழுவான், பாட்டியால் எவ்வளவு நேரம் உட்கார முடியும், இதை முதலில் சொல்லுங்கள். நேரத்தைக் குறிக்க வேண்டியவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். மற்ற ஒன்பது பேரும் எப்படியும் சமாளித்துவிடுவார்கள்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். நம்முடைய கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் சூரியன் பின்னால் இருக்கும், முகமெல்லாம் இருட்டடிக்கும். சரி, திரும்பி நிற்கலாம் என்றால் கண் கூசும், பின்னணியில் கடலுக்குப் பதிலாகச் சுண்டல் வண்டியும் பார்க்கிங்கும் வரும். நல்ல ஃப்ளாஷ் வைத்திருக்கிற போட்டோகிராபர் என்றால் காலையிலும் எடுத்துவிடுவார், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் சூரியன் ஊர்ப் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். அப்போது முகத்தில் மெத்தென்று வெளிச்சம் விழும், பின்னால் கடல் நீலமாக நிற்கும். அதனால் என் ஓட்டு சாயங்காலத்துக்குத்தான். ஆனால் சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். ஷ்மிட் நினைவு மண்டபத்தைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் உங்கள் 11 பேரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். வேலை நாளாகப் பார்த்து, சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். டிசம்பர் என்றால் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும், ஜூனில் ஆறரை தாண்டும்.

பாட்டியை மணலில் நடக்க வைக்காதீர்கள். நாற்காலி போட்டாலும் கால் புதைந்து ஒரு பக்கம் சாயும், அடியில் ஒரு பலகை போடுங்கள். நடைபாதையை ஒட்டி எடுத்தாலே போதும், கடல் பின்னால் தெரியும். சக்கர நாற்காலி என்றால் மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே கடல் வரைக்கும் போக மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், அதையும் யோசித்துப் பாருங்கள்.

துணி. 11 பேரும் ஒரே கலர் போட்டால் துணிக்கடைத் திறப்பு விழா ஊழியர்கள் மாதிரி ஆகிவிடும். அம்மா எந்தப் புடவை கட்டுகிறார் என்று முதலில் முடிவு செய்யுங்கள், மற்றவர்கள் அதற்கு ஒத்துப்போகிற இரண்டு மூன்று நிறங்களில் போட்டால் போதும். கிளிப்பச்சை, பளீர் ஆரஞ்சு இதெல்லாம் கன்னத்திலும் தாடைக்கடியிலும் அதே நிறத்தை அடிக்கும். பொடிக் கட்டம் போட்ட சட்டை போட்டோவில் அலை அலையாக நெளியும். பட்டுப்புடவை வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ அழகுதான், உப்புக் காற்றில் வேண்டாம், பருத்தியே போதும். புதுச் சட்டை என்றால் காலர் மேலேயே மஞ்சள் வைத்துவிடுவார்கள், உள்பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். மடிப்புக் கோடு போக ஒருதடவை இஸ்திரி போட்டுவிடுங்கள். அப்புறம், அப்பாக்களின் சட்டைப் பை! செல்போன், பேனா, கண்ணாடிக் கூடு, நாலாக மடித்த ஏதோ ஒரு பில், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் நிற்க வைக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திலும் இதை முப்பது போட்டோ எடுத்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

வெயிலில் கறுக்கிற கண்ணாடி போடுகிறவர் யாராவது இருந்தால், சாதாரணக் கண்ணாடி ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் படத்தில் கூலிங்கிளாஸ் போட்டவர் மாதிரி இருப்பார். பையன் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தால் அப்படியே விடுங்கள். எடிட்டிங்கில் அதை அழிக்கச் சொல்கிறவர்களும், எல்லாரையும் வெளுப்பாக்கித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டுமே எனக்குப் பிடிக்காது. இருபது வருஷம் கழித்து அந்தப் பொட்டைத்தான் தேடுவீர்கள்.

பையனுக்குப் பசி இருக்கக்கூடாது, ஆனால் பிசுக்கு ஒட்டாத பண்டமாகக் கொடுங்கள். கேமராவுக்குப் பின்னால் அவனைக் கூப்பிட ஒருவர் போதும். ஆறு பேர் ஆறு பக்கம் கைதட்டினால் அவன் ஆறு பக்கமும் பார்ப்பான். "சிரி, சிரி" என்று சொல்லிச் சொல்லி எடுத்தால் பல் தெரியுமே தவிர சிரிப்பு வராது. பிள்ளை தெளிவாக இருக்கிற முதல் பத்து நிமிஷத்தில் மொத்தக் குடும்பப் படத்தை முடித்துவிடுங்கள். பாட்டியோடு பேரன், அண்ணன் தங்கை, சம்பந்திகள் எல்லாம் அதற்குப் பிறகு. யார் யாரோடு என்பதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி, பெரிய குரல் உள்ள ஒரு சித்தப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். போட்டோகிராபருக்கு உங்கள் உறவு முறையெல்லாம் தெரியாது.

படங்கள் கைக்கு வரும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு குறுகிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் வாங்குங்கள். ஹாலில் மாட்ட 12க்கு 18 இஞ்ச் பிரிண்ட் நன்றாக வர வேண்டுமென்றால் ஏறக்குறைய 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். பிரிண்ட் போடக் கொடுக்கும் முன் ஃபைலின் அளவை ஒருதடவை பார்த்துவிடுங்கள்.