பாடுகிற ஆள் மாறினால் பாட்டும் மாறுமா?

[திரை: இரண்டு இசைத்தட்டுகள், 1965, 1967]

முதலில் அமெரிக்க சோல் இசைப் பாடகர் ஓடிஸ் ரெடிங். 1965-இல் அவரே எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்'. வெளியே போய் உழைத்துவிட்டு வருகிற ஒரு ஆம்பளை, நான் இல்லாதபோது நீ துரோகமே செய்தாலும் பரவாயில்லை, என் பணம் மொத்தமும் உனக்குத்தான், வீட்டுக்கு வந்தால் மட்டும் கொஞ்சம் மரியாதை கொடு என்று கெஞ்சலும் அதட்டலுமாகக் கேட்கிறான்.

சரி, இப்போது 1967, அதே பாட்டு, பாடுவது அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின். இந்தத் தடவை பாடுவது வீட்டில் இருக்கிறவள். அந்தத் துரோக வரியை அப்படியே புரட்டிப் போடுகிறார்: நீ இல்லாதபோது நான் தப்பு செய்ய மாட்டேன், ஏனென்றால் எனக்கு அதில் விருப்பமில்லை. கவனியுங்கள், பயத்தினால் இல்லை. பணமும் இவளுடையதுதான், இவள்தான் தருகிறாள், அதனால் கேட்கிற தொனியில் கெஞ்சலே இல்லை. 'ஆர்-இ-எஸ்-பி-இ-சி-டி' என்று எழுத்து எழுத்தாகச் சொல்லும் இடம் இருக்கிறதே, அது ரெடிங்கின் பாட்டில் கிடையவே கிடையாது. கூடவே பின்னணியில் அக்கா எர்மாவும் தங்கை கரோலினும் சேர்ந்து குரல் கொடுக்க, ஒரு வீட்டுச் சண்டை ஊர்க் கோரிக்கையாகிவிட்டது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் பெண்கள் இயக்கமும் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டன. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் மான்டரே இசை விழா மேடையில், இதை ஒரு பெண் என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டாள் என்று ரெடிங்கே விளையாட்டாகச் சொன்னார்.

[திரை: ஒற்றை கிட்டார்]

அரீத்தா வரிகளில் கை வைத்தார். அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ், 'ஹர்ட்' என்ற பாட்டைப் பாடியபோது, கிட்டத்தட்ட வைக்கவே இல்லை.

'ஹர்ட்' 1994-இல் நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற ராக் இசைக்குழு வெளியிட்ட பாட்டு. அந்தக் குழுவின் பாடகர் டிரென்ட் ரெஸ்னர் இதை எழுதியபோது இருபதுகளில் இருந்தார், தன்னையே வெறுக்கிற ஒரு இளைஞனின் குரல் அது, கடைசியில் இரைச்சலில் போய் முடியும். 2002-இல் கேஷ் அதைப் பாடும்போது வயது 70, உடம்பு தளர்ந்துவிட்டது, குரலில் நடுக்கம். ஒரு கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு முள்முடி என்று மாற்றினார், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் எல்லோரும் கடைசியில் போய்விடுகிறார்கள் என்று ஒரு வரி வரும். இளைஞன் சொன்னால் அது விரக்தி. 70 வயதுக்காரர் சொல்லும்போது நமக்கு வரிசையாகச் சாவு வீடுகள்தான் ஞாபகம் வருகின்றன. ஊசி குத்துவதைப் பற்றி ஒரு வரி வரும், அதுவும் அப்படித்தான், அங்கே போதை, இங்கே மருத்துவமனையும் கூடச் சேர்ந்துகொள்கிறது (கேஷுக்கும் போதைப் பழக்கம் இருந்தது, அதனால் இரண்டுமே பொருந்தும்). கேஷ் பாடியதற்கு இயக்குநர் மார்க் ரோமனெக் எடுத்த வீடியோவைப் பார்த்த பிறகு, இனி இது என் பாட்டு இல்லை என்றார் ரெஸ்னர்.

அப்புறம் இன்னொரு வகை இருக்கிறது, சினிமா டிரெய்லர்களில் வருமே, துள்ளலான பழைய பாட்டை இழுத்து, ஒற்றை பியானோ வைத்து, கிசுகிசுத்துப் பாடுவது. எனக்கு அது ஒப்பனையாகத்தான் தெரிகிறது. பாடுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார், ஏன் இப்போது பேசுகிறார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதிலே இருக்காது.